பெட்டியை யார் தூக்கிட்டு வந்தாங்க? ஆரம்பகால அமெரிக்காவுல கவர்னரை தேர்ந்தெடுத்த கதை

கவர்னர்னு சொன்னா நமக்கு டெல்லியில இருந்து அனுப்பி வைக்கிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். அமெரிக்காவுல கவர்னர் வேற, அவர் மக்கள் ஓட்டு போட்டு ஜெயிச்சு வர்றவர், மாநில நிர்வாகத்துக்கே தலைவர், நம்ம ஊர் முதலமைச்சர் பண்ற வேலையில பாதிக்கு மேல அவர்தான் பண்ணுவார். ஆனா 1776ல சுதந்திரம் அறிவிக்கிறதுக்கு முன்னாடி அங்கயும் நிலைமை நமக்கு தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. வர்ஜீனியா, நியூயார்க், மசாசூசெட்ஸ் மாதிரி இடத்துல எல்லாம் கவர்னரை பிரிட்டிஷ் ராஜா நியமிப்பார், பென்சில்வேனியாவும் டெலவேரும் பென் குடும்பத்து சொத்து மாதிரி, மேரிலேண்ட் கால்வர்ட் குடும்பத்து சொத்து மாதிரி, அங்க அந்த குடும்பமே கவர்னரை வைக்கும். கனெக்டிகட், ரோட் ஐலண்ட் ரெண்டு மட்டும்தான் 1662, 1663ல வாங்குன பழைய சாசனத்தை வச்சுக்கிட்டு தங்களோட கவர்னரை தாங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்துக்கிட்டு இருந்தாங்க.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா புரட்சி வந்ததும் ராஜாவோட கவர்னர்கள் ஒவ்வொருத்தரா காணாம போனாங்க. வர்ஜீனியாவுல டன்மோர் பிரபு 1775 ஜூன்ல ராத்திரியோட ராத்திரியா கப்பல்ல ஏறிட்டார், நியூ ஜெர்சியில இருந்த வில்லியம் ஃபிராங்க்ளினை, அதாவது பெஞ்சமின் ஃபிராங்க்ளினோட சொந்த மகனை, 1776ல புரட்சிக்காரங்களே கைது பண்ணி கனெக்டிகட்டுக்கு கொண்டு போய் அடைச்சாங்க. கனெக்டிகட்ல மக்கள் தேர்ந்தெடுத்த ஜொனாதன் டிரம்புல் மட்டும் 1769ல வந்து உக்காந்தவர் 1784 வரைக்கும் அதே நாற்காலியிலதான் இருந்தார். அவரை வச்சவங்க ஊர்க்காரங்க, அதனால அவர் ஊர்க்காரங்க பக்கம் நின்னார், ஓட வேண்டிய தேவையே அவருக்கு வரல.

இதை பாத்து மத்த மாநிலங்களும் உடனே "சரி நாமும் ஓட்டு போட்டு தேர்ந்தெடுப்போம்"னு முடிவு பண்ணியிருப்பாங்கன்னு தோணும். அப்படி நடக்கல, அதுதான் இந்த கதையில முக்கியமான விஷயம். 1776ல புது அரசியல் சட்டம் எழுத உக்காந்தவங்களுக்கு கவர்னர்ங்கற பதவி மேலயே பயம். ராஜாவோட கவர்னர் சட்டசபையை கலைச்சதை, சபை போட்ட சட்டத்தை வீட்டோ பண்ணி தடுத்ததை, தனக்கு வேண்டியவங்களுக்கு பதவி கொடுத்ததை எல்லாம் கண்ணால பாத்தவங்க அவங்க. அதனால மக்களே ஓட்டு போட்டு ஒரு ஆளை தூக்கி உக்கார வச்சா அவர் "எனக்கு மாநிலம் முழுக்க ஆதரவு இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டு இன்னொரு ராஜாவா மாறிடுவாரோன்னு யோசிச்சாங்க, சட்டசபைதான் நம்ம பக்கம், கவர்னர் சட்டசபைக்கு கீழ இருக்கட்டும்னு முடிவு பண்ணாங்க. வர்ஜீனியா, மேரிலேண்ட், நியூ ஜெர்சி, டெலவேர், வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, இந்த ஏழு இடத்துலயும் சட்டசபைதான் தலைவரை தேர்ந்தெடுக்கணும். பென்சில்வேனியா இன்னும் ஒரு படி மேல போய் கவர்னர் பதவியையே தூக்கிட்டு 12 பேர் இருக்கிற ஒரு கவுன்சிலை வச்சு, அந்த கவுன்சிலும் சட்டசபையும் சேர்ந்து ஒரு பிரசிடெண்டை தேர்ந்தெடுக்கும்னு வச்சுது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785ல இருந்து 1788 வரைக்கும் அந்த பிரசிடெண்டாதான் இருந்தார், நிறைய பேர் அவரை கவர்னர்னு எழுதுறாங்க, அந்த பேர்ல அங்க அப்போ பதவியே இல்ல.

தேர்ந்தெடுத்ததுக்கு அப்புறமும் கவர்னரை நல்லா கட்டி வச்சாங்க. வர்ஜீனியாவுல பதவிக்காலம் ஒரே ஒரு வருஷம், தொடர்ந்து மூணு வருஷத்துக்கு மேல இருக்க முடியாது, அப்புறம் நாலு வருஷம் அந்த பக்கமே வரக்கூடாது, வீட்டோ அதிகாரம் கிடையாது, எட்டு பேர் கவுன்சிலை கேக்காம ஒண்ணும் பண்ண முடியாது. ஜார்ஜியாவோட 1777 சட்டப்படி மூணு வருஷத்துல ஒரு வருஷம்தான் ஒரு ஆள் கவர்னரா இருக்கலாம். வட கரோலினாவுல ஆறு வருஷத்துல மூணு வருஷம். அந்த மாநிலத்து கன்வென்ஷனுக்கு, அதாவது அரசியல் சட்டம் எழுதுற கூட்டத்துக்கு, போயிட்டு வந்த வில்லியம் ஹூப்பர்கிட்ட கவர்னருக்கு என்ன அதிகாரம் கொடுத்தீங்கன்னு கேட்டப்போ, சம்பளத்துக்கு ரசீதுல கையெழுத்து போடுற அளவுக்கு கொடுத்திருக்கோம்னு பதில் சொன்னதா ஒரு கதை ரொம்ப காலமா சொல்லிக்கிட்டு வர்றாங்க. வருஷா வருஷம் தேர்தல் எங்க முடியுதோ அங்க அடிமைத்தனம் ஆரம்பிக்குதுன்னு ஒரு சொலவடை அப்போ எல்லார் வாயிலயும் இருந்துச்சு, பின்னாடி ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸே 1776ல அதை எடுத்து எழுதியிருக்கார்.

அதே நேரத்துல இது ஏழைங்களுக்கு பயந்து பணக்காரங்க போட்ட திட்டமும்தான், அதை மறைக்க முடியாது. மேரிலேண்ட்ல கவர்னராகணும்னா 5000 பவுண்ட் சொத்து வேணும், அதுல 1000 பவுண்டுக்காவது நிலம் இருக்கணும். தென் கரோலினாவோட 1778 சட்டம் 10,000 பவுண்ட் மதிப்புள்ள தோட்டம் கேட்டுச்சு. மசாசூசெட்ஸ்ல 1000 பவுண்ட் நிலம் இருக்கணும், கிறிஸ்தவரா வேற இருக்கணும். ராஜா கையில இருந்து பிடுங்குன பதவி யார் கையில போய் சேரணும்ங்கறதுல அவங்களுக்கு குழப்பமே இல்ல.

சட்டசபை தேர்ந்தெடுக்கிற முறை எப்படி வேலை செஞ்சுதுன்னு பாக்க வர்ஜீனியாவை விட நல்ல உதாரணம் கிடையாது. 1776ல முதல் தடவை பேட்ரிக் ஹென்றிக்கு 60 ஓட்டு, தாமஸ் நெல்சன் சீனியருக்கு 45, ஜான் பேஜுக்கு 1, அவ்வளவுதான், ஒரு மாநிலத்தோட கவர்னர் தேர்தலே ஒரு ஹால்ல இருந்தவங்களோட முடிஞ்சு போச்சு. ஹென்றி தன்னோட மூணு வருஷத்தை முடிச்சதும் 1779ல பின்னாடி ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சனும் ஜான் பேஜும் மோதிக்கிட்டாங்க, ரெண்டு பேரும் சின்ன வயசுல இருந்தே உயிர் நண்பர்கள், ரெண்டாவது சுத்துல 67க்கு 61ன்னு ஜெஃபர்சன் ஜெயிச்சார். மாநிலத்துல எந்த விவசாயியும் அவருக்கு கவர்னர் பதவிக்காக ஓட்டு போடல.

போர் நேரத்துல இந்த முறை எவ்வளவு ஆபத்துன்னு 1781ல தெரிஞ்சுது. பிரிட்டிஷ் படை ரிச்மண்ட் பக்கம் வந்ததும் சட்டசபை சார்லட்ஸ்வில்லுக்கு ஓடிருச்சு. ஜெஃபர்சனோட ஒரு வருஷ பதவிக்காலம் ஜூன் 2ஆம் தேதியோட முடியுது, அவர் மறுபடி நிக்க விரும்பல, அடுத்த ஆளை தேர்ந்தெடுக்க சட்டசபை கூடணும், அதுக்குள்ள ஜூன் 4ஆம் தேதி காலையில பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனோட குதிரைப்படை சார்லட்ஸ்வில்லுக்கே வந்துருச்சு. ஜாக் ஜூவெட்னு ஒருத்தர் ராத்திரி முழுக்க காட்டு வழியில சுமார் 40 மைல் குதிரையில வந்து எச்சரிக்கை கொடுத்ததாலதான் நிறைய பேர் தப்பிச்சாங்க, ஆனாலும் சில சட்டசபை உறுப்பினர்கள் மாட்டிக்கிட்டாங்க, மிச்சம் பேர் புளூ ரிட்ஜ் மலையை தாண்டி ஸ்டான்டன்ல போய் கூடி ஜூன் 12ஆம் தேதிதான் தாமஸ் நெல்சன் ஜூனியரை கவர்னரா தேர்ந்தெடுத்தாங்க. எதிரிப்படை மாநிலத்துக்குள்ள சுத்திக்கிட்டு இருந்த அந்த பத்து நாள் வர்ஜீனியாவுக்கு தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னர் இல்ல, கவுன்சில்ல இருந்த வில்லியம் ஃபிளெமிங்தான் சமாளிச்சார். தேர்ந்தெடுக்கிற சபையே ஓடிக்கிட்டு இருந்தா தேர்தல் எங்க நடக்கும்? அதுக்கப்புறம் அதே சபை ஜெஃபர்சன் மேல விசாரணை வேற வச்சுது, டிசம்பர்ல குற்றம் இல்லன்னு விட்டாங்க. அந்த காயம் அவருக்கு ஆறவே இல்ல. கொஞ்ச நாள்லயே அவர் எழுதுனார், எல்லா அதிகாரமும் ஒரே சபையில போய் சேர்ந்தா 173 கொடுங்கோலர்களும் ஒரு கொடுங்கோலர் அளவுக்கே கொடுமை பண்ணுவாங்கன்னு. 173ங்கறது வர்ஜீனியா சட்டசபையோட தலை எண்ணிக்கை.

இப்போ நியூயார்க்குக்கு வருவோம், எனக்கு இந்த விஷயத்துல ஆர்வம் வந்ததே அந்த மாநிலத்தாலதான். 1777ல எழுதுன சட்டத்துலயே அவங்க கவர்னரை மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்கலாம்னு வச்சாங்க, மூணு வருஷ பதவி, எத்தனை தடவை வேணும்னாலும் நிக்கலாம். மக்கள்னா எல்லாரும் இல்ல, கடன் போக 100 பவுண்ட் மதிப்புள்ள நிலம் வச்சிருக்கிறவங்க மட்டும். கீழ்சபைக்கு ஓட்டு போட 20 பவுண்ட் நிலம் போதும், கவர்னருக்கு 100. இவ்வளவு கட்டுப்பாடு வச்சும் முதல் தேர்தல்லயே பெரிய ஆச்சரியம் நடந்துச்சு. அல்பனி பக்கத்து பெரிய நிலக்கிழார் குடும்பத்து பிலிப் ஷுய்லர்தான் ஜெயிப்பார்னு பெரிய மனுஷங்க எல்லாம் நெனச்சுக்கிட்டு இருந்தப்போ ஜார்ஜ் கிளிண்டன்னு அவங்களை விட கீழ்த்தட்டு குடும்பத்துல இருந்து வந்த ஒரு வக்கீல், போர்ல தளபதியா இருந்தவர், ஜெயிச்சுட்டார். அவரோட குடும்பமும் உறவும் இந்த உயரத்துக்கு தகுதியானது இல்லன்னு ஷுய்லர் நியூயார்க் தலைவர்கள்ல ஒருத்தரான ஜான் ஜேவுக்கு கடிதம் எழுதுனார், எழுதிட்டு அதே கடிதத்துல ஆள் நல்லவர், தைரியசாலின்னும் ஒத்துக்கிட்டார். 1777 ஜூலை 30ஆம் தேதி கிங்ஸ்டன்ல கிளிண்டன் பதவி ஏத்தார், அக்டோபர்ல பிரிட்டிஷ் படை அந்த ஊரையே கொளுத்துச்சு, கிளிண்டன் மட்டும் அசையல, 1795 வரைக்கும் தொடர்ந்து இருந்தார், அப்புறம் 1801ல திரும்பி வந்து இன்னொரு மூணு வருஷம், மொத்தம் 21 வருஷம்.

நேரடி தேர்தல் வந்தா ஒரே ஆள் ஒட்டிக்குவார்னு 1776ல பயந்தவங்க சொன்னது நடந்துருச்சேன்னு இதை காட்டி வாதம் பண்ணலாம். ஆனா நியூ ஜெர்சியை பாருங்க, அங்க சட்டசபைதான் வருஷா வருஷம் தேர்ந்தெடுத்துச்சு, அங்கயும் வில்லியம் லிவிங்ஸ்டன் 1776ல உக்காந்து 1790ல சாகுற வரைக்கும் கவர்னராவே இருந்தார். அதனால அந்த வாதத்துல சத்து இல்லன்னு நான் நினைக்கிறேன்.

நியூயார்க்கோட உண்மையான பிரச்சினை 1792ல வந்துச்சு. கிளிண்டனுக்கு எதிரா ஜான் ஜே நின்னார், அப்போ அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட தலைமை நீதிபதி, பதவியில இருந்துக்கிட்டேதான் நின்னார், அந்த காலத்துல அது தப்பா தெரியல. ஓட்டு சீட்டு முறையில தேர்தல் நடந்துச்சு, ஒவ்வொரு கவுண்டியிலயும், அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, ஓட்டு எல்லாம் பெட்டியில போட்டு மூடி அந்த கவுண்டி அதிகாரியான ஷெரிஃப் கையில கொடுப்பாங்க, ஷெரிஃப் அதை மாநில செயலாளர்கிட்ட கொண்டு போய் சேக்கணும், அங்க சட்டசபையோட ரெண்டு அவையிலயும் இருந்து எடுத்த 12 பேர் கமிட்டி உக்காந்து எண்ணும். அதாவது ஊர்ல எண்ண மாட்டாங்க. மக்கள் ஓட்டு போட்ட இடத்துக்கும் எண்ணுற இடத்துக்கும் நடுவுல ஒரு ஆளும் ஒரு பெட்டியும் நூத்துக்கணக்கான மைல் சகதி ரோடும் இருந்துச்சு.

ஆட்ஸிகோ கவுண்டி புதுசா குடியேறுன எல்லைப் பகுதி, கூப்பர்ஸ்டவுன் ஊரை உண்டாக்குன வில்லியம் கூப்பர் அங்க பெரிய கை, அவர் ஜே பக்கம், ஜேவுக்கு அங்க நல்ல லீட். அங்க பழைய ஷெரிஃபோட பதவிக்காலம் முடிஞ்சு போச்சு, புது ஷெரிஃபை போட்டாச்சு ஆனா அவர் இன்னும் பதவியேத்துக்கல, அந்த இடைவெளியில பழைய ஷெரிஃபே பெட்டியை அனுப்பி வச்சுட்டார். கிளிண்டன்னே பேர் வச்ச இன்னொரு கவுண்டியில ஷெரிஃப் எழுத்துல அதிகாரம் கொடுக்காத ஒரு ஆள்கிட்ட பெட்டியை கொடுத்து விட்டார். டயோகா கவுண்டியில பெட்டியோட கிளம்புனவர் வழியில உடம்புக்கு முடியாம போக, வேற ஒருத்தர் வாங்கிட்டு வந்து சேத்தார். பெட்டியை யாரும் உடைச்சதா, ஓட்டை மாத்துனதா பேச்சே இல்ல, தூக்கிட்டு வந்தவங்க சட்டப்படி சரியான ஆளாங்கறது மட்டும்தான் கேள்வி.

கமிட்டியில கிளிண்டன் ஆளுங்கதான் அதிகம். அவங்க நியூயார்க்கோட ரெண்டு அமெரிக்க செனட்டர்கள்கிட்டயும் சட்டக் கருத்து கேட்டாங்க, ரூஃபஸ் கிங் எண்ணலாம்னார், ஆரன் பர் எண்ணக்கூடாதுன்னார். கமிட்டி மூணு கவுண்டியோட ஓட்டையும் ஒதுக்கிருச்சு. மிச்சத்தை எண்ணுனா கிளிண்டனுக்கு 8440, ஜேவுக்கு 8332, வெறும் 108 ஓட்டுல கிளிண்டன் கவர்னர். ஒதுக்குன ஓட்டை எல்லாம் எரிச்சுட்டாங்க.

1790 கணக்குப்படி 3,40,000 பேர் இருந்த மாநிலத்துல எண்ணப்பட்ட ஓட்டே 17,000 கூட இல்ல, அதுலயும் மூணு கவுண்டி ஜனங்க மைல் கணக்கா நடந்து வந்து போட்ட ஓட்டு ஒரு ஷெரிஃபோட தேதி பிரச்சினையால சாம்பலாச்சு. இதை முதல் தடவை படிச்சப்போ எனக்கு வந்த கோவம் இன்னிக்கும் இருக்கு. அப்போ அங்க இருந்தவங்களுக்கு எவ்வளவு வந்திருக்கும்! நீதிபதியா ஊர் ஊரா சுத்தி விசாரிக்கிற சர்க்யூட் வேலையை முடிச்சுட்டு திரும்பி வந்த ஜேவை வழி நெடுக கூட்டம் கூடி வரவேத்தாங்க, கன்வென்ஷன் கூட்டணும்னு பேச்சு வந்துச்சு, சில பேர் ஆயுதம் வரைக்கும் பேசுனாங்க. ஜே அடக்கி வச்சார். இன்னும் கொஞ்ச வருஷத்துல நாம எல்லாரும் மண்ணுக்குள்ள போகப் போறோம், அப்போ மாநிலத்தை ஆண்டதை விட என்னை நானே ஆண்டதுதான் எனக்கு பெருசா இருக்கும்னு அவர் மனைவிக்கு எழுதுனார். 1795ல அவர் லண்டன்ல பிரிட்டனோட ஒப்பந்தம் பேசுற வேலையில இருந்து திரும்புறதுக்குள்ளயே ஜனங்க அவரை கவர்னரா தேர்ந்தெடுத்துட்டாங்க, பிரச்சாரத்துக்கு ஒரு நாள் கூட அவர் ஊர்ல இல்ல. அந்த பதவியில இருந்துதான் 1799ல நியூயார்க்ல அடிமை முறையை படிப்படியா ஒழிக்கிற சட்டத்துல கையெழுத்து போட்டார்.

நியூ இங்கிலாந்துன்னு சொல்ற வடகிழக்கு மூலை மாநிலங்கள்ல பெட்டி பிரச்சினை இந்த அளவு வராததுக்கு காரணம் அங்க டவுன் மீட்டிங் இருந்துச்சு. மசாசூசெட்ஸோட 1780 சட்டப்படி ஏப்ரல் முதல் திங்கட்கிழமை ஊர்க்கூட்டத்துல ஓட்டு சீட்டை கொடுப்பாங்க, ஊர் நிர்வாகிகள் எல்லார் முன்னாடியும் அங்கயே பிரிச்சு எண்ணுவாங்க, ஊர் கிளார்க் புத்தகத்துல எழுதிட்டு கணக்கை மட்டும் சீல் வச்சு அனுப்புவார். வழியில காணாம போனாலும் ஊர் புத்தகத்துல இருக்கும், ஊர்ல நூறு பேருக்கு தெரியும். ஒரு சின்ன ஏற்பாடுதான், ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் யாருக்கு ஓட்டுரிமைங்கற கேள்விக்கு அடுத்தபடியா முக்கியமான விஷயம் இது.

அங்க வேற ஒரு சிக்கல் இருந்துச்சு. அதிக ஓட்டு வாங்குனா போதாது, மொத்த ஓட்டுல பாதிக்கு மேல வாங்கணும். யாருக்கும் பாதி வரலன்னா கீழ்சபை முதல் நாலு பேர்ல இருந்து ரெண்டு பேரை எடுக்கும், செனட் அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரை எடுக்கும். ஜான் ஹான்காக் நிக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல, 1780ல அவருக்கு பத்துல ஒம்பது பங்குக்கு மேல விழுந்துச்சு. 1785ல அவர் விலகுனதும் யாருக்கும் பாதி வரல, சட்டசபை ஜேம்ஸ் பௌடினை தேர்ந்தெடுத்துச்சு. அவர் காலத்துலதான் கடனும் வரியும் கட்ட முடியாம மேற்கு பக்கத்து விவசாயிங்க டேனியல் ஷேய்ஸ்ங்கறவர் தலைமையில கலகம் பண்ணாங்க, பௌடின் படையை அனுப்பி அடக்குனார், அடுத்து 1787 ஏப்ரல்ல ஜனங்க ஹான்காக்குக்கு பௌடினை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு ஓட்டு போட்டு பதிலை சொல்லிட்டாங்க. துப்பாக்கி எடுத்து கிடைக்காதது ஓட்டு சீட்டுல கிடைச்சுது, வருஷா வருஷம் தேர்தல் வச்சதோட அருமை அந்த ஒரு வருஷத்துல தெரியும்.

பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர்லயும் இதே முறை, அங்க 1785ல ஜார்ஜ் அட்கின்சன்தான் அதிக ஓட்டு வாங்குனார், பாதி வரல, சட்டசபை ஜான் லாங்டனை உக்கார வச்சுருச்சு. வெர்மான்ட்ல 1789ல தாமஸ் சிட்டெண்டன் முதல்ல வந்தும் பாதியை தொடாததால சட்டசபை மோசஸ் ராபின்சனை தேர்ந்தெடுத்துச்சு, அடுத்த வருஷமே ஜனங்க சிட்டெண்டனை கூட்டிட்டு வந்துட்டாங்க. ரோட் ஐலண்ட்ல 1806ல யாருக்கும் மெஜாரிட்டி வராம கவர்னர் நாற்காலியே காலியா கிடந்துச்சு, துணை கவர்னர் ஐசக் வில்பர் அந்த வருஷத்தை ஓட்டுனார். மசாசூசெட்ஸ்ல இந்த விதி ரொம்ப நாள் இருந்துச்சு, 1839ல மார்கஸ் மார்ட்டன்னு ஒருத்தர், 1828ல இருந்து வருஷா வருஷம் நின்னு தோத்துக்கிட்டே இருந்தவர், அவர் எட்வர்ட் எவரெட்டை எதிர்த்து நின்னப்போ பதிவான ஓட்டு 1,02,066, பாதிக்கு மேலன்னா 51,034 வேணும், அவர் வாங்குனது சரியா 51,034. ஒரே ஒரு ஓட்டு குறைஞ்சிருந்தா முடிவு சட்டசபை கைக்கு போயிருக்கும். வெர்மான்ட்ல அந்த விதி இன்னிக்கும் இருக்கு, 2014 தேர்தல்ல பீட்டர் ஷம்லினுக்கு பாதி வராம 2015 ஜனவரியில சட்டசபைதான் ஓட்டு போட்டு அவரை கவர்னராக்குச்சு.

மசாசூசெட்ஸ்ல இன்னொரு விஷயமும் சொல்லணும். 1812ல எல்பிரிட்ஜ் கெர்ரி கவர்னரா இருந்தப்போ செனட் தொகுதி எல்லைகளை தன் கட்சிக்கு சாதகமா வளைச்சு போட்ட சட்டத்துல கையெழுத்து போட்டார், ஜெர்ரிமேண்டர்னு இன்னிக்கு வரைக்கும் சொல்ற வார்த்தை அவர் பேர்ல இருந்து வந்ததுதான். அந்த வருஷ தேர்தல்ல செனட்ல அவர் கட்சிக்கு 29 இடம், எதிர்க்கட்சிக்கு 11. ஆனா கெர்ரி தோத்துட்டார், கேலப் ஸ்டிராங் கவர்னரானார். கவர்னர் தேர்தலுக்கு மாநிலம் மொத்தமும் ஒரே தொகுதி, அதை எந்தப் பக்கம் வளைப்பீங்க? கவர்னரை சட்டசபை தேர்ந்தெடுக்கிற மாநிலமா இருந்திருந்தா அந்த வளைச்ச கோடு கவர்னர் நாற்காலி வரைக்கும் போயிருக்கும்.

அப்போ ஜனங்களும் வேண்டாம், சட்டசபையும் வேண்டாம், நடுவுல நல்லவங்களா பாத்து சில பேரை ஜனங்க தேர்ந்தெடுக்கட்டும், அவங்க கவர்னரை தேர்ந்தெடுக்கட்டும்னு ஒரு மாநிலம் முயற்சி பண்ணுச்சு. அது கென்டக்கி, 1792ல. அமெரிக்க ஜனாதிபதியை தேர்ந்தெடுக்கிற எலெக்டர் முறை மாதிரியே, மேரிலேண்ட் தன்னோட செனட்டுக்கு வச்சிருந்த முறை மாதிரி. முதல் தடவை ஐசக் ஷெல்பி, எந்த பிரச்சினையும் இல்ல. 1796ல எலெக்டர்கள் ஃபிராங்க்ஃபர்ட்ல கூடுனாங்க, பெஞ்சமின் லோகனுக்கு 21, ஜேம்ஸ் காரர்டுக்கு 17, தாமஸ் டாடுக்கு 14, ஜான் பிரவுனுக்கு 1. யாருக்கும் பாதி வரலன்னு முதல் ரெண்டு பேரை வச்சு மறுபடி ஓட்டு எடுத்தாங்க, டாட் ஆளுங்க காரர்ட் பக்கம் போயிட்டாங்க, காரர்ட் கவர்னர். லோகன் கேட்டார், பாதிக்கு மேல வேணும்னு அரசியல் சட்டத்துல எங்க எழுதியிருக்கு? எங்கயும் எழுதல, அதுதான் உண்மை, அதிக ஓட்டா பாதிக்கு மேலயான்னு அந்த சட்டம் வாயே திறக்கல. அட்டர்னி ஜெனரல் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் முடிவு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லன்னுட்டார், செனட்டும் தலையிடல. 53 பேர் போட்ட ஓட்டுலயே இவ்வளவு குழப்பம். 1799ல புது சட்டம் எழுதி எலெக்டர் முறையை தூக்கிட்டு நேரடி தேர்தல் கொண்டு வந்தாங்க, 1800ல ஜனங்க ஓட்டுலயே காரர்ட் மறுபடி ஜெயிச்சார்.

லூசியானா 1812ல பாதி வழியில நின்னுச்சு, ஜனங்க ஓட்டு போடணும், அதிகம் வாங்குன ரெண்டு பேர்ல ஒருத்தரை சட்டசபை எடுக்கும். ஓஹையோ 1803லயே நேரடி தேர்தல் வச்சுது ஆனா வீட்டோ கொடுக்கல, அதுக்கு முன்னாடி அங்க கவர்னரா இருந்த ஆர்தர் செயின்ட் கிளேர் பண்ண ஆட்டம் அவங்களுக்கு மறக்கல. பென்சில்வேனியா 1790லயே மாறிருச்சு, முதல் தேர்தல்ல தாமஸ் மிஃப்லின் ஜெயிச்சது அந்த செயின்ட் கிளேரை எதிர்த்துதான், ஏறக்குறைய பத்து மடங்கு ஓட்டுல. டெலவேர் 1792. ஜார்ஜியா 1825ல முதல் நேரடி தேர்தல் நடத்துச்சு, ஜார்ஜ் ட்ரூப் ஜான் கிளார்க்கை எழுநூறுக்கும் குறைவான ஓட்டுல ஜெயிச்சார். வட கரோலினா 1836, மேரிலேண்ட் 1838, நியூ ஜெர்சி 1844, வர்ஜீனியா 1851. ஜெஃபர்சனோட மாநிலத்துக்கு முக்கால் நூற்றாண்டு ஆச்சு.

1787ல ஃபிலடெல்பியாவுல நாட்டோட அரசியல் சட்டம் எழுத கூடி ஜனாதிபதியை எப்படி தேர்ந்தெடுக்கறதுன்னு பேசுறப்போ பென்சில்வேனியா பிரதிநிதி ஜேம்ஸ் வில்சன் எழுந்து நியூயார்க்கையும் மசாசூசெட்ஸையும் பாருங்க, ஜனங்க நேரடியா தலைவரை தேர்ந்தெடுக்கறது அங்க நல்லாதான் நடக்குதுன்னு சொன்னார். கேக்கல. மாநிலங்கள் ஒவ்வொண்ணா நடுவுல இருந்த ஆளை கழட்டி விட்டுச்சு, ஜனாதிபதி தேர்தல்ல மட்டும் எலெக்டர்கள் இன்னும் இருக்காங்க.

இது வரைக்கும் படிச்சா கதவு திறந்துக்கிட்டே போற கதை மாதிரி இருக்கும். அப்படி விட்டுட்டு போனா பொய் சொன்ன மாதிரி ஆகும். நியூ ஜெர்சியில 50 பவுண்ட் சொத்து இருந்த பெண்கள் 1807 வரைக்கும் ஓட்டு போட்டாங்க, ஆனா அங்க கவர்னரை தேர்ந்தெடுத்தது சட்டசபை, ஜனங்க நேரடியா கவர்னரை தேர்ந்தெடுக்க ஆரம்பிச்ச 1844ல அவங்களுக்கு ஓட்டே இல்ல. கென்டக்கியில நேரடி தேர்தல் கொடுத்த அதே 1799 சட்டம் சுதந்திரமா இருந்த கறுப்பின ஆண்களோட ஓட்டை எடுத்துச்சு. நியூயார்க் 1821ல வெள்ளைக்காரங்களுக்கு சொத்து தகுதியை தளர்த்திட்டு கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் சொத்துன்னு விதி போட்டுச்சு. வட கரோலினாவுல சுதந்திரமான கறுப்பின ஆண்கள் பல வருஷமா ஓட்டு போட்டுக்கிட்டு இருந்தாங்க, கவர்னரை ஜனங்களே தேர்ந்தெடுக்கலாம்னு முடிவு பண்ண 1835 கன்வென்ஷன்தான் அவங்க பேரை அடிச்சுது. மூணு மாநிலத்துலயும் கொடுத்த கையும் எடுத்த கையும் ஒண்ணு, தற்செயல்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஓட்டுக்கு மதிப்பு கூடுன நேரத்துலதான் அது யாருக்கு கிடைக்கக்கூடாதுன்னு உக்காந்து எழுதுனாங்க.

கடைசியா வந்தது தென் கரோலினா. 1776ல இருந்து 89 வருஷம் அங்க சட்டசபைதான் கவர்னரை தேர்ந்தெடுத்துச்சு, அந்த சட்டசபையை பிடிச்சு வச்சிருந்தவங்க பெரும்பாலும் அடிமைகளை வச்சிருந்த தோட்ட முதலாளிகள். உள்நாட்டுப் போர்ல தோத்த பிறகு 1865 அக்டோபர்ல முதல் நேரடி தேர்தல், வெள்ளைக்கார ஆண்கள் மட்டும் ஓட்டு போட்டாங்க, ஜேம்ஸ் ஓர் ஜெயிச்சார், அதுவும் நான் நிக்கலன்னு சொன்ன வேட் ஹாம்ப்டனோட பேரை ஜனங்க தாங்களா எழுதி போட்டும் கொஞ்ச வித்தியாசத்துலதான். மூணு வருஷம் கழிச்சு 1868ல புது அரசியல் சட்டத்தோட அடுத்த தேர்தல் வந்துச்சு. அந்த தடவை பதிவான வாக்காளர்கள்ல கறுப்பினத்தவர்தான் அதிகம், மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இன்னொருத்தர் சொத்தா இருந்தவங்க. அவங்க ஓட்டுல ராபர்ட் ஸ்காட்னு ஒரு வடக்கத்தி தளபதி கவர்னரானார்.